உப்பைத் தின்றவரும் தண்ணீர் குடிப்பவரும்

ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாயின் வழியே மேல்காற்று கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, திரிகூட மலையில் சாரலாய்ச் சிந்தி, குற்றாலத்துப் பேரருவியையும் ஐந்தருவியையும் பழைய குற்றாலத்தையும் நிரப்பி, சிற்றாறாய் இறங்கித் தென்காசிச் சீமையின் குளங்களைப் பெருக்குகிறது என்பதை இவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதே கணவாயின் வழியாக, பருவம் பாராமல் ஆண்டு முழுவதும், வேறொரு சரக்கும் இறங்கி வருகிறது என்று செங்கோட்டை, புளியரை வட்டாரத்து ஜனங்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். கேரளத்து நகரங்களின் கோழிக் கழிவும், பிளாஸ்டிக் குப்பையும், ஆஸ்பத்திரிகளில் பயன்படுத்தி எறிந்த ஊசி, பஞ்சு, குழாய், கையுறைகளுமே அந்தச் சரக்கு. இவ்வாறு ஓரிடத்தில் உண்டாகி வேறோரிடத்தில் கொட்டப்படும் நஞ்சை யாருடைய பணத்தில் அகற்றுவது என்பதே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது நம்முடைய பழமொழி; ஒருவர் தின்ற உப்புக்கு வேறொருவர் தண்ணீர் குடிக்கும் நிலைமை எப்படி ஏற்பட்டது, அதை மாற்றுவதற்கு உலகில் யார் யார் என்னென்ன முயன்றார்கள், அம்முயற்சிகளில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையெல்லாம் பார்த்தாலன்றி இதற்கு விடை காண இயலாது.

முதலில் குப்பை வரும் காரணத்தைப் பார்ப்போம். பாவூர்சத்திரத்துச் சந்தைக் காய்கறியையும், இம்மாவட்டத்துக் குவாரிகளின் ஜல்லியையும் எம்-சாண்டையும், வைக்கோலையும் சிமெண்டையும் ஏற்றிக்கொண்டு மலையேறும் லாரி, சரக்கை இறக்கிய பின் காலியாகத் திரும்பினால் டீசலும் டிரைவர் பேட்டாவும் வண்டிக்காரருக்கு நஷ்டம். ஆகவே கிடைத்த ரிட்டன் லோடை ஏற்றிக்கொள்வது அத்தொழிலின் இயல்பு. மற்றச் சரக்குக்கு வாடகை கொடுப்பவர், அது போய்ச் சேர்ந்ததா என்று நாலு முறை போன் செய்து கேட்பார். குப்பைக்கு வாடகை கொடுப்பவரோ, அது தம் வாசலை விட்டுப் போனதே போதும் என்றிருப்பார். இந்த ஒரு வேறுபாட்டில்தான் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது. தார்ப்பாயை இழுத்துக் கட்டிச் சோதனைச் சாவடியைக் கடந்த வண்டி, புறம்போக்கிலோ, கைவிட்ட குவாரிப் பள்ளத்திலோ, ஓடைக்கரையிலோ, யாரோ குத்தகைக்குப் பிடித்துக் கொடுத்த தோட்டத்திலோ இரவோடு இரவாகக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது; ஆடு மேய்க்கப் போனவர் மறுநாள் காலையில் அதைக் காண்கிறார்; சில இடங்களில், காண்பதற்கு ஒன்றும் மிஞ்சாதபடி தீ வைத்துவிடுவதும் உண்டு.

கேரளத்தின் பக்கமும் காரணங்கள் இல்லாமலில்லை. ஜனநெருக்கமும் மழையும் மிகுந்து, வெற்றுநிலம் அருகிய அப்பிரதேசத்தில், குப்பைக் கிடங்கு எங்கே அமைந்தாலும் அது ஒரு குடியிருப்பின் வாசலாகவே அமைகிறது. திருவனந்தபுரத்தின் குப்பை முழுவதையும் தாங்கிவந்த விளப்பில்சாலை மக்கள் போராடித் தங்கள் ஊர் ஆலையை மூடவைத்தனர். கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு 2023 மார்ச்சில் நாட்கணக்கில் எரிந்து நகரத்தையே புகையில் மூழ்கடித்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. உள்ளூரில் இடம் அடைபடும்போது குப்பை மலையைத் தாண்டுகிறது. இதை இரு மொழியினரின் பகையாகக் காண்பது பிழை. செங்கோட்டையே 1956 நவம்பர் முதல் தேதி வரை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த ஊர். இன்றும் குப்பைக்கு நிலம் பிடித்துக் கொடுப்பவர்களும், வண்டிக்கு வழி காட்டுபவர்களும் நம்மவர்களாகவே இருப்பதை மறைப்பதற்கில்லை.

தென்காசி 2019இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஒன்றாயிருந்த திருநெல்வேலிச் சீமையில், 2024 டிசம்பரில் நிகழ்ந்த சம்பவம் ஒன்று இவ்விஷயத்தில் மிகுந்த படிப்பினை தருவது. நடுக்கல்லூர், கோடகநல்லூர், கொண்டாநகரம் முதலிய கிராமங்களில் மூட்டை மூட்டையாக ஆஸ்பத்திரிக் கழிவு கிடந்தது. கிளறிப் பார்த்தவர்களின் கண்ணில் நோயாளிகளின் பெயரும் சிகிச்சை விவரமும் எழுதிய காகிதங்கள் பட்டன. அவற்றில் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தின் பெயரும் இருந்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்து, மூன்று நாட்களுக்குள் கேரளமே கழிவை அகற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. டிசம்பர் 22ஆம் தேதி கேரளத்து அதிகாரிகள் லாரிகளுடன் வந்து அள்ளிச் சென்றனர். இரு மாநிலத்தைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். 2025 ஏப்ரலில், மருத்துவக் கழிவைக் கொட்டுவோரைக் குண்டர் சட்டத்தில் அடைக்க வழிசெய்யும் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது.

குப்பை வந்த வழியே திரும்பிப் போனது இந்நாட்டில் அபூர்வமான காட்சி. அது சாத்தியமானதற்குக் காரணங்கள் மூன்று: எரிப்பதற்குமுன் கண்டுபிடிக்கப்பட்டது, உற்பத்தியானவிடத்தின் விலாசம் காகிதத்தில் இருந்தது, பதில் சொல்ல ஒரு சர்க்கார் இருந்தது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், அள்ளும் செலவு ஊராட்சியின் தலையிலும், அள்ளாவிட்டால் வரும் நோய் ஊராரின் உடம்பிலும் விழுந்திருக்கும். செங்கோட்டைப் பக்கம் ஓடையோரத்தில் கொட்டியது அங்கேயே நிற்பதுமில்லை. குண்டாறும் அனுமன் நதியும் கருப்பாநதியும் இம்மலையடிவாரத்தின் நீரை வாங்கிச் சிற்றாற்றில் சேர்க்க, சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது.

மாசு செய்தவரே செலவைத் தரவேண்டும் என்னும் நியாயம் எழுத்தில் ஏற்கப்பட்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1972இல் அதைக் கொள்கையாக வகுத்தது. 1992இல் ரியோ நகரத்து மாநாட்டுப் பிரகடனத்தின் 16ஆம் கோட்பாடு அதை உலகக் கோட்பாடாக்கியது. நம் நாட்டில் அதைச் சட்டமாக்கியவை 1996ஆம் ஆண்டின் இரண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்புகள். ஒன்று, ராஜஸ்தானத்தின் உதயபூருக்கு அருகிலுள்ள பிச்சிரி கிராமத்தின் வழக்கு. 'எச்' அமிலம் என்னும் சாயப்பொருளைத் தயாரித்த ஆலைகள் வெளியே கொட்டிய சகதி, மழையோடு மண்ணில் இறங்கி, சுற்றுவட்டாரத்துக் கிணறுகளின் நீரையே நிறம் மாற்றிவிட்டது. மற்றொன்று, வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ பகுதியோ பாழானதை எடுத்துரைத்த அத்தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலுத்துவது இந்நாட்டுச் சட்டத்தின் அங்கமே என்று ஐயத்துக்கிடமின்றி அறிவித்தது. பின்னர் 2010ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் அதைத் தன் 20ஆம் பிரிவிலேயே எழுதிக்கொண்டது.

தீர்ப்பு எழுதப்பட்டதற்கும் பணம் கைக்கு வந்ததற்கும் இடையே ஓடிய காலத்தைக் கணக்கிட்டால் சட்டத்தின் மதிப்பு விளங்கும். பிச்சிரி வழக்கில் மனுவின்மேல் மனுவாகப் போட்டுக் காலங்கடத்திய ஆலைக்காரர்களை, 37 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையைக் கூட்டு வட்டியுடன் செலுத்தும்படி உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது 2011இல். வேலூரிலோ, தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டமும், இழப்பீட்டைக் கணிக்க ஓர் ஆணையமும் 1996லேயே ஏற்பட்டன; பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 29,000 பேர் என்று அந்த ஆணையம் கண்டது. ஆயினும் 2025 ஜனவரி 30ஆம் தேதி உச்சநீதிமன்றம் அதே பாலாற்றைப் பற்றி மீண்டும் ஒரு தீர்ப்பு எழுதி, சர்க்கார் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. முதல் தீர்ப்பின் ஆண்டில் பிறந்த குழந்தை இரண்டாம் தீர்ப்பின்போது குடும்பஸ்தராகியிருக்கும்.

வசூலிக்க ஆளே இல்லாத இடங்களின் கதி இன்னும் மோசம். இராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் என்னும் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, இரண்டு இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு வெட்டவெளியில் குன்றாகக் கிடந்தது. ஆலை போயிற்று, குன்று நின்றது, நிலத்தடி நீர் மஞ்சளாயிற்று. போபாலில் 1984 டிசம்பர் நச்சுவாயு விபத்துக்கு 1989இல் 47 கோடி டாலரில் சமரசம் செய்துகொண்ட கம்பெனி, ஆலைக்குள் விட்டுச்சென்ற நச்சுப் பொருளை எடுக்கவேயில்லை. அதில் 337 டன்னை 2025 ஜனவரியில் பீதம்பூருக்குக் கொண்டுபோய், அவ்வூர் மக்களின் எதிர்ப்புக்கிடையே, அவ்வருஷத்தின் நடுவில் எரித்து முடிக்க ஒதுக்கப்பட்ட 126 கோடி ரூபாய் நம்முடைய வரிப்பணம். ஆலையைச் சுற்றிய மண்ணும் நீரும் இன்னும் அப்படியே இருக்கின்றன.

மாசு செய்தவர் தம் பணத்தைத் தந்த உதாரணம் தமிழ்நாட்டில் கிடைக்காமல் போகவில்லை. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரத்திலிருந்து பெயர்த்து வந்து 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் நிறுவப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பிறகு இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடையில் கிடந்ததைப் பழனிமலைப் பாதுகாப்புக் குழுவினரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் 2001 மார்ச்சில் வெளிப்படுத்த, ஆலை மூடப்பட்டது. அவ்வாலைக்குக் கீழே பாம்பார்ச் சோலை. அச்சோலையின் நீர் இறங்குவது கும்பக்கரை அருவிக்கு. 2003இல் 290 டன் பாதரசக் கழிவைக் கம்பெனியே தன் செலவில் கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் 2016இல் உடன்பாடும் ஏற்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாடல் உலகமெங்கும் கேட்கப்பட்டதும் அதற்கு ஒரு தூண்டுகோல். பதினைந்து வருஷம் விடாமல் பேசிய தொழிலாளர்களும், உள்ளூர்வாசிகளும், தூரத்து நண்பர்களும், தன் நற்பெயரைக் காத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமுள்ள எதிராளியும் அங்கே சேர்ந்து அமைந்தார்கள். ஆனால் மண்ணைச் சுத்திகரிக்கும் பணி இழுபட்டது. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிஞ்சினால் அதைச் சுத்தம் என்பது என்ற கேள்வியே காரணம். 20 மில்லிகிராம் வரை மிஞ்சலாம் என்று கொண்ட அளவை, வனத்தின் நெற்றியில் இருக்கும் நிலத்துக்கு அது பொருந்தாது என்று இயக்கத்தார் எதிர்த்தனர். பணம் கொடுப்பவரே சுத்தத்தின் அளவையும் நிர்ணயிக்க விட்டால், செலவு குறையும் திசையிலேயே அளவு நகரும் என்பதே கொடைக்கானல் கற்பித்த பாடம்.

இனி, இக்கேள்விக்கு அமைப்பு ரீதியான விடை தேடிய தேசத்தைக் காண்போம். அமெரிக்காவில் நயாகரா அருவிக்கு அருகே லவ் கெனால் என்ற வெட்டுவாய்க்காலில் ஹூக்கர் ரசாயனக் கம்பெனி 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் ஏறத்தாழ 20,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து மூடி, 1953இல் ஒரே ஒரு டாலருக்கு அந்நிலத்தைப் பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தது. பள்ளியும் வீடுகளும் எழும்பின. 1970களின் பிற்பகுதியில் நிலவறைகளில் நஞ்சு கசிந்து குழந்தைகள் நோயுற்றபோது, லோயிஸ் கிப்ஸ் என்ற குடும்பப் பெண் வீடு வீடாகச் சென்று நோய்க் கணக்கெடுத்து, தெருவாரைத் திரட்டி, 1978இல் நாட்டின் ஜனாதிபதியே நெருக்கடி நிலை அறிவிக்கும்படி செய்தார். அதன் பலனே 1980 டிசம்பரில் பிறந்த, சூப்பர்ஃபண்ட் என்று அழைக்கப்படும் சட்டம்.

அச்சட்டத்தில் நமக்கு வேண்டிய விஷயங்கள் இரண்டு. முதலாவது, பொறுப்பாளி யார் என்ற வரையறை. நிலத்துக்காரர், கொட்டிய காலத்தில் அந்த இடத்தை நடத்தியவர், ஏற்றி வந்த வண்டிக்காரர், அவரிடம் கழிவை ஒப்படைக்க ஏற்பாடு செய்தவர் ஆகிய அனைவரும் பொறுப்பாளிகள். ஒருவர் ஓடிப்போனால் மற்றவர் முழுத் தொகையையும் தர வேண்டும். கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டோம், அவர் எங்கே கொட்டினாரோ தெரியாது என்ற சமாதானம் அங்கே செல்லாது. இரண்டாவது, நிதி. கச்சா எண்ணெய்க்கும் ரசாயன மூலப்பொருள்களுக்கும் வரி விதித்து முன்கூட்டியே ஒரு நிதி திரட்டப்பட்டதால், வழக்கு முடியக் காத்திராமல் சர்க்கார் முதலில் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு, பிறகு பொறுப்பாளியைத் தேடிச் சென்று வசூலிக்க முடிந்தது. அவ்வரி 1995 முடிவில் காலாவதியானதும் நிதி வற்றி, பொதுமக்களின் வரிப்பணத்தின்மேல் சுமை விழுந்தது. சுற்றுச்சூழல் இயக்கத்தார் கால் நூற்றாண்டுக்கு மேல் இடைவிடாது கோரிய பின், ரசாயனங்களின் மீதான வரி 2021ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் எண்ணெயின் மீதானது 2022ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் மீண்டும் உயிர்பெற்றன. நிதி உள்ள காலத்தில் வேலை நடந்ததும், இல்லாத காலத்தில் தடைப்பட்டதும் ஒரே நாட்டின் சரித்திரத்தில் அருகருகே காணக் கிடைப்பது, ஆராய்வோருக்குப் பெரும் வசதி.

நம் நாட்டிலும் 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கெனத் தனி விதிகள் வந்துள்ளன. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கொருமுறை அறிவிக்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறித்த காலத்துக்குள் பரிசோதிக்க வேண்டும். பொறுப்பாளி தெரிந்தால் செலவு அவருடையது, தெரியாவிட்டால் மத்திய, மாநில சர்க்கார்களுடையது என்பது அவற்றின் சாரம். நாடெங்கும் 103 இடங்கள் ஏற்கனவே அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. வரவேற்க வேண்டிய விதிகளே. ஆயினும் குப்பைக் கிடங்கின் திடக்கழிவு, சுரங்கம், கடலில் சிந்தும் எண்ணெய், கதிரியக்கம் ஆகியவற்றுக்கு வேறு சட்டங்கள் உண்டென்று அவை ஒதுங்கிக்கொள்வதால், புளியரைப் பக்கத்து ஓடையில் கொட்டிய கலப்புக் குப்பை எந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்பதிலேயே ஒரு வழக்கு உருவாகலாம். மருத்துவக் கழிவு பற்றிய 2016ஆம் ஆண்டு விதிகள் இதைவிடத் தெளிவானவை: பையின்மேல் பார்கோடு வேண்டும், பதப்படுத்தாத கழிவு 48 மணி நேரத்துக்குமேல் தங்கக் கூடாது, முறையற்ற கையாளலால் நேரும் சேதம் அனைத்துக்கும் ஆஸ்பத்திரியோ பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ பொறுப்பு. ஆக மருத்துவக் கழிவைப் பொறுத்தவரை சட்டத்தில் குறையில்லை. பணம் எப்போது கைமாற வேண்டும் என்பதில்தான் குறை.

மாசு நேருமுன்பே ஆஸ்பத்திரிகளிடம் வைப்புத்தொகை வாங்கி வைப்பதே இக்குறைக்குப் பரிகாரம் என்றால், அதற்கு எழும் ஆட்சேபங்களையும் கருத வேண்டும். ஆஸ்பத்திரியிடம் வாங்கும் பணத்தை அது நோயாளியின் பில்லில் சேர்த்துவிடாதா என்பர். சேர்க்கலாம்; ஆனால் சிகிச்சையின் உண்மையான விலையைச் சிகிச்சை பெற்றவர் தருவது, அதை நடுக்கல்லூர் விவசாயி தருவதைவிட நியாயமானதே. சிறு கிளினிக்குகள் தாங்குமா என்பர். படுக்கைகளின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி தொகையை வகுத்தால் தாங்கும். பணம் கட்டிவிட்டோம், இனி அழுக்காக்கலாம் என்ற மனப்பான்மை வளராதா என்பது மூன்றாவது ஆட்சேபம், இது வலுவானது. தண்டத் தொகை சுத்திகரிப்புச் செலவைவிடச் சிறியதாயிருக்கும் வரை அந்த மனப்பான்மை வளரவே செய்யும். ஆகவே வைப்புத்தொகை உண்மைச் செலவைவிடக் கூடுதலாகவும், ஒழுங்காக நடந்தவருக்குத் திரும்பக் கிடைப்பதாகவும் இருத்தல் அவசியம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2022இல் நீலகிரியில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் பரவிய ஏற்பாட்டில், டாஸ்மாக் பாட்டில் ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்துவிடுகிறார்கள். காட்டில் எறியப்பட்டு யானையின் காலைக் கிழித்த கண்ணாடி இப்போது பெரும்பாலும் கடைக்கே திரும்புகிறது. குடித்தவரைத் தேடிப்பிடித்துத் தண்டம் விதிக்க முயன்றிருந்தால் ஒரு பாட்டிலும் திரும்பியிராது. குற்றாலத்துக்கும் இது பொருந்தும். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணையால் அருவிகளில் எண்ணெயும் சோப்பும் ஷாம்பும் தடைசெய்யப்பட்டுள்ளன. குளிக்க வருபவரைக் காவலர் சோதிக்கிறார். மறுசுழற்சிக்கே உதவாத அடுக்குப் பொட்டலத்தில் ஷாம்பை அடைத்து விற்ற கம்பெனியை அருவிக்கரையில் யாரும் சோதிப்பதில்லை. பிளாஸ்டிக் உறைக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று விதிகள் சொல்கின்றன. அப்பொறுப்பின் பணம் சீசன் முடிந்தபின் பாறையிடுக்கில் பொறுக்கும் பேரூராட்சித் துப்புரவுப் பணியாளரின் கூலிக்கு வந்து சேருமாறு இயக்கத்தார் கோரலாம்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குங்கால் என் முடிபு இது: மாசு நேர்ந்தபின் பணம் கேட்கும் இயக்கம் பெரும்பாலும் தோற்றிருக்கிறது, அல்லது தலைமுறை கழித்து வென்றிருக்கிறது, மாசு நேருமுன்பே பணத்தை வைக்கச் சொன்ன ஏற்பாடுதான் காலத்தில் பலித்திருக்கிறது. லாரி டிரைவரைக் குண்டர் சட்டத்தில் அடைப்பது வேண்டுமானால் நடக்கட்டும். அவர் சங்கிலியின் கடைசிக் கண்ணி, அவரிடம் சுத்திகரிக்கும் பணம் இல்லை. உரிமம் பெறும்போதே ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், ஹோட்டலும், கழிவுக் கான்ட்ராக்டரும் வைப்புத்தொகை கட்ட வேண்டும். கொட்டியது கண்ட வாரத்திலேயே கலெக்டர் அதிலிருந்து எடுத்து அள்ளச் செய்ய வேண்டும். இடம் சுத்தமாயிற்று என்ற சான்றைப் பணம் கட்டியவர் அல்லாத ஒருவர், கிராமசபையின் முன்னிலையில், தமிழில் வாசித்துத் தர வேண்டும். இரு மாநில வாரியங்களும் ஒப்பினால் இதற்குப் புதுச் சட்டமும் தேவையில்லை. தமிழகத்து ஆஸ்பத்திரிகளுக்கும் இதே விதி பொருந்த வேண்டும் என்பதைச் சொல்லாமலே உணரலாம்.

அதுவரை ஊரார் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தோட்டத்திலோ ஓடையிலோ இத்தகைய மூட்டையைக் கண்டால், நாற்றம் தாங்காமல் தீ வைத்துவிடாதீர்கள். கையாலும் தொடாதீர்கள், உள்ளே ஊசி இருக்கும். நிற்கும் இடத்திலிருந்தே காகிதத்தையும் பார்கோடையும் வண்டித் தடத்தையும் தேதியோடு படமெடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கலெக்டருக்கும் எழுதி, அடுத்த கிராமசபையில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். இழப்பீடும் மண்ணை மீட்டுத் தரும் செலவும் கேட்டுப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுக ஐந்து வருஷம் வரை அவகாசம் உண்டு. செலவைத் தர வேண்டியவரின் விலாசம் அந்தக் குப்பைக்குள்ளேயே இருக்கிறது. அதை எரிப்பவர், அவருடைய கடனைத் தாமே எழுதித் தள்ளுபடி செய்தவராவார்.